முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் உங்களுக்கு

மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு எலெக்ட்ரொனிக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: "தம்பி, இது எத்தனை வாட்ஸ்?" அட்டைப்பெட்டியில் 5000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதை வாசித்துக் காட்டிவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். செட்டைத் திருப்பிப் பின்பக்கத்து லேபலைப் பாருங்கள். கரண்ட் செலவு 60 வாட்ஸ் என்று சின்னதாக எழுதியிருக்கும். 60 உள்ளே போய் 5000 வெளியே வருமானால், உக்குவளை நீர்மின் நிலையத்தை இழுத்து மூடிவிட்டு அங்கே இந்தப் பெட்டியை வைத்துவிடலாம்.

அம்ப்ளிஃபையரையும் சிடி பிளேயரையும் பொருத்தம் பார்த்துச் சேர்த்துக் கொடுக்கத் தெரிந்த பையனை எந்த முதலாளியும் லேசில் விடமாட்டார். அந்த வித்தையில் முக்கால்வாசி செட்டின் பின்பக்கத்தில்தான் கிடக்கிறது. முன்பக்கத்து வெளிச்சமும் வெள்ளிக் குமிழும் வாடிக்கையாளருக்கு.

முதலில் பார்க்க வேண்டியது வோல்ட்டேஜ். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஜப்பானில் 100. அங்கே பாவித்து இங்கே வந்திறங்கும் சன்சுயி, பயனியர், டெனொன் செட்டுகளில் பல 100 வோல்ட்டுக்கே செய்தவை. இரண்டு தட்டைக் கம்பி வைத்த பிளக் அதற்கு அடையாளம். நான் தொழில் பழகிய கடையில், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், இரத்தோட்டையிலிருந்து ஒரு அண்ணன் சிடி பிளேயரோடு வந்தார். "இந்த பிளக் நம்ம சொக்கெட்டுக்குப் போகுதில்ல தம்பி, மாத்திக் குடுங்க." தட்டைப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு 13 அம்பியர் பிளக் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் 'டப்' என்று ஒரே சத்தம். பிறகு ட்ரான்ஸ்போமர் வார்னிஷ் கருகும் வாடை. அந்த வாடை மூக்கில் இரண்டு நாள் நின்றது, பிளேயரின் விலை சம்பளத்தில் மூன்று மாதம் கழிந்தது.

ஆகவே பிளக்கைத் தொடும் முன் லேபலை வாசியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் கட்டாயம். லேபலில் 150 வாட்ஸ் செலவு என்றால் 300க்குக் குறையாத ட்ரான்ஸ்போமரைக் கொடுங்கள். மலிவுச் சரக்கில் எழுதியிருக்கும் எண்ணை நம்பி அளவோடு வாங்கினால் அரை மணியில் கை வைக்க முடியாமல் சுடும். அம்ப் 100, பிளேயர் 230 என்று கலந்து வந்தால்தான் பெரிய ஆபத்து. வீட்டில் பிள்ளைகள் பிளக்கை மாற்றிச் செருகிவிடுவார்கள். 100 வோல்ட் செட்டின் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றி அனுப்புங்கள். செலவு ஐந்து ரூபாகூட வராது.

அடுத்தது அறை. இதைக் கேட்காமல் விற்கிறவர்கள்தான் அதிகம். பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அங்கே ஆளுயர டவர் ஸ்பீக்கரை வைத்தால் பாஸ் முழுவதும் அயல்வீட்டுக் கட்டிலில்தான் போய் விழும். இடுப்பளவு ஸ்டாண்டில் நிற்கும் சின்ன ஸ்பீக்கர் ஜோடியும் 20 வாட்ஸ் அம்ப்பும் அந்த அறைக்கு ஏராளம். 1978இல் வந்த என்ஏடி 3020க்கு ஒரு பக்கத்துக்கு வெறும் 20 வாட்ஸ்தான். உலகத்தில் அதற்கு இருக்கும் பெயர் 200 வாட்ஸ் செட்டுகள் பலவற்றுக்குக் கிடையாது. வாடிக்கையாளர் நம்பவில்லையா? கணக்கைச் சொல்லுங்கள். வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். 50க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

தம்புள்ளைப் பக்கம் பெரிய ஹோல் வைத்த வீடு என்றால் கதை வேறு, அங்கே வாட்ஸுக்கு வேலை உண்டு. ஆனாலும் முதலில் ஸ்பீக்கரின் ஓம் பார்க்க வேண்டும். "நாலு பொக்ஸ் போடணும்" என்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் சமாந்தரமாகக் கட்டினால் அம்ப்புக்குத் தெரிவது 4 ஓம். பின்பக்கத்தில் '6 முதல் 16 ஓம்' என்று இருக்கும் செட்டுக்கு அது பாரம். பொங்கலன்று சத்தத்தைக் கூட்டிவைத்தால் அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போய்விடும். அதற்குப் பதில் போட 5200, 1943 ஜோடி தேடுவீர்கள். அதில் போலிச் சரக்கு அதிகம், நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

இனி இரண்டையும் சேர்ப்பது. சிடி பிளேயர் வெளியே தள்ளுவது ஏறக்குறைய 2 வோல்ட். சிடி சந்தைக்கு வந்ததே 1982 அக்டோபரில்தான், சோனி சிடிபி-101 ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது. அதற்கு முந்திய அம்ப்களின் ஓக்ஸ், டியூனர் துளைகள் 0.2 வோல்ட் அளவிலேயே முழுச் சத்தம் கொடுக்கும்படி செய்தவை. அதில் பிளேயரைச் செருகினால் குமிழை ஒன்பது மணி நிலைக்குத் திருப்பும் முன்பே கூரை அதிரும். குமிழின் அடிமட்டத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக வராது. பாடகர் ஒரு ஸ்பீக்கருக்குள் ஒதுங்கிவிடுவார். வாடிக்கையாளர் "ஒரு பக்கம் வேலை செய்யல" என்று கொண்டுவருவார். செட்டைக் கழற்ற வேண்டாம். வயரிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரிலும், அதற்குப் பின் 4.7 கிலோ ஓம் ஒன்றை எர்த்துக்குக் குறுக்கேயும் வைத்தால் சுமார் 10 டெசிபல் இறங்கும். குமிழ் நடுவுக்கு வரும், பாடகரும் நடுவுக்கு வருவார். நான்கு ரெசிஸ்டர், பத்து நிமிடம். வாடிக்கையாளர் உங்களை மந்திரவாதி என்றே நினைப்பார்.

ஃபோனோ என்ற துளையில் மட்டும் பிளேயரைச் செருகக் கூடாது. அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுக்கானது, பாஸையும் தானாகவே தூக்கிவிடும். சத்தம் கிழிந்து, மந்தமாகவும் கேட்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் எந்தத் துளை என்று கேளுங்கள். தொலைபேசியிலேயே தீர்ந்துவிடும் பழுது இது.

பிளேயர் தேர்வில் என் கட்சி இதுதான்: அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒழுங்காக வாசிக்கும் இரண்டு பிளேயர்களுக்கிடையில் காது பிடிக்கும் வித்தியாசம் சொற்பம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கிடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மிச்சப்படும் காசை ஸ்பீக்கரில் போடச் சொல்லுங்கள். இது கடைக்கு நட்டம் என்று முதலாளி முகம் சுளிக்கலாம். ஆனால் ஸ்பீக்கரும் அவர் கடையில்தானே வாங்குவார்கள்.

ஆனால் வாடிக்கையாளரிடம் ஒன்று கேட்க மறக்காதீர்கள்: "வீட்ல இருக்கிற சிடியில நாலைஞ்சு எடுத்துட்டு வாங்கண்ணே." வந்து பார்த்தால் பாதி புறக்கோட்டையில் வாங்கிய கொப்பி. அதிலும் சில எம்பி3, ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு. எண்பதுகளில் செய்த அழகான பிளேயர் எம்பி3யைத் தொடாது, கொப்பித் தட்டிலும் தடுமாறும், அந்தத் தட்டின் ஒளித்தெறிப்பு குறைவு. அவருக்குப் பழைய டிவிடி பிளேயர் ஒன்றே போதும். அதே அம்ப்பில் செருகிக் கொடுத்துவிடலாம்.

பாவித்த பிளேயர் என்றால் பாட்டுத் தாவுவது வழக்கமான நோய். முதல் மருந்து லென்ஸைப் பஞ்சால் மெதுவாகத் துடைப்பது. நக்கிள்ஸ் அடிவாரத்து ஈரத்தில் பூஞ்சை படியும். அதிலும் சரிவராவிட்டால் லென்ஸ் பகுதியையே மாற்ற வேண்டும். சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை பரவலாகக் கிடைக்கிறது, ஆகவே வாங்கும்போதே உள்ளே எது இருக்கிறது என்று பார்த்து வாங்குவது புத்தி. புதிய லென்ஸின் சின்னப் பலகையில் ஒரு சொட்டு ஈயம் இரண்டு புள்ளிகளைச் சேர்த்திருக்கும். நிலைமின்சாரம் லேசரைக் கொன்றுவிடாமல் காக்கவே அது. வயரைச் செருகிய பிறகு அந்தச் சொட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து, "புதுசும் பழுது" என்று திருப்பி அனுப்பியவர்கள் ஏராளம்.

அம்ப்பை ஸ்பீக்கரில் கொடுக்கும் முன் மல்டிமீற்றரை டிசியில் வைத்து ஸ்பீக்கர் முனையை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 20, 30 வோல்ட் காட்டினால் மாட்டாதீர்கள், வூஃபர் சுருள் கருகிவிடும். திருத்திய 230 வோல்ட் செட்டை முதல் தடவை போடும்போது 100 வாட்ஸ் குண்டு பல்பைத் தொடரில் வைத்துப் போடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்ல செய்தி. பளீரென்று நின்றால் உடனே நிறுத்துங்கள்.

மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரத பவனிக் காலத்தில் ஊரில் சவுண்ட் வேலை குவியும். ஹை-ஃபை அம்ப்பை அதற்கு வாடகைக்குக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஹோர்ன் ஸ்பீக்கர்களைத் தூரத்துக்கு இழுக்கும் 100 வோல்ட் லைன் வேறு, ஜப்பான் செட்டின் 100 வோல்ட் வேறு. இரண்டையும் குழப்பிய ஒரு பையனை எனக்குத் தெரியும்.

ஹை-ஃபையை மட்டும் நம்பிக் கடை வாடகை கட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோற்றுக்கு டிவியும் சப்வூஃபரும், பெயருக்கு இது. படிப்பாகச் செய்ய விரும்பினால் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டாவிலும் எலெக்ட்ரொனிக்ஸ் பயிற்சிகளை விசாரியுங்கள். ஏற்கனவே கடையில் பல வருடம் ஈயம் பற்றவைத்தவர்கள், அந்த அனுபவத்தையே மதிப்பிடச் சொல்லி என்விகியூ சான்றிதழ் எடுக்கலாம். வளைகுடா வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் காகிதம் உதவும். சிங்களத்தில் பழுதை விளக்கிச் சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள், கடைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர்.

பில் எழுதும்போது செட்டின் தொடர் இலக்கத்தையும் வோல்ட்டேஜையும் எழுதுங்கள். பில்லின் பின்பக்கம் இன்னும் ஒரு வரி: பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் ஸ்விட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்றிவிடவும். எழுதிக் கொடுத்தாலும் இரண்டு பேர் கழற்றமாட்டார்கள். அடுத்த நாள் காலையில் அவர்கள் கடை திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள். ட்ரான்ஸ்போமரை முதலில் அளந்து பாருங்கள்.