நிரலுக்கு ஒரு காலவரம்பு

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையை அடைந்து வடக்கே திரும்பினால் சிறுசேரி வரும். அங்குள்ள தகவல்தொழில்நுட்பப் பூங்காவில் சென்னை கணிதவியல் கழகம் அமைந்துள்ளது. பள்ளி மாணவர்க்கான இந்தியக் கணிப்பியல் ஒலிம்பியாடு போட்டியோடு இக்கழகத்துக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. இதன் பேராசிரியர் மாதவன் முகுந்த் அப்போட்டியின் தேசிய ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றியவர். இதில் தேர்ந்தோர் பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் நாட்டின் சார்பாகப் பங்கேற்கின்றனர். 1989 இல் பல்கேரியாவில் தொடங்கிய அப்போட்டியில் இந்தியா 2002 முதல் கலந்துகொண்டு வருகிறது.

இத்தகைய போட்டிகளில் மாணவர் எழுதிய நிரலை மற்றொரு நிரலே திருத்துகிறது. அது மாணவரின் நிரலைக் கட்டளை வரியிலிருந்து இயக்கி, உள்ளீடு தந்து, வரும் வெளியீட்டைச் சரியான விடையோடு ஒப்பிடுகிறது. ஒவ்வொரு வினாவோடும் ஒரு காலவரம்பு குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் சில நொடிகளே. அதற்குள் முடியாத நிரல் எவ்வளவு சரியானதாயினும் அச்சோதனையில் அதற்கு மதிப்பெண் இல்லை.

இது கடுமையான விதியாகத் தோன்றலாம். ஆயினும் திருத்தும் நிரலுக்கு வேறு வழியில்லை. எந்த நிரலையும் எந்த உள்ளீட்டையும் கொடுத்து, 'இது என்றேனும் முடியுமா?' என்று கேட்டால் தவறாது விடை கூறும் பொதுமுறை இருக்க இயலாது. 1936 இல் ஆலன் டூரிங் வெளியிட்ட ஆய்வு நிறுவிய உண்மை இது. நீண்ட நேரம் ஓடும் நிரல் அடுத்த நொடியில் முடியவும் கூடும். முடிவற்ற சுழற்சியில் சிக்கியிருக்கவும் கூடும். வெளியே நிற்பவர் ஓர் எல்லையை வகுத்தே ஆக வேண்டும்.

அவ்வெல்லை விடையின் தரத்தையும் அளக்கிறது. 2 இலட்சம் எண்களுள் குறிப்பிட்ட கூட்டுத்தொகை தரும் இரண்டைக் கண்டறிய வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணையும் பிற எண்களோடு கூட்டிப் பார்ப்பின் ஏறத்தாழ 2000 கோடி இணைகள் வரும். நொடிக்குப் பத்துக் கோடி எளிய படிகள் என்று கணக்கிட்டால் 200 நொடிகள் ஆகும். மாறாக, எண்களை முதலில் ஏறுவரிசையில் அடுக்க ஏறத்தாழ 36 இலட்சம் ஒப்பீடுகள் போதும். பின்னர் இரு முனைகளிலிருந்தும் நடுநோக்கி நகர்ந்தால் ஒருமுறை கடப்பதிலேயே இணை அகப்படும். முழு வேலையும் ஒரு நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். இரண்டு நிரல்களின் விடையும் ஒன்றே. அவற்றைப் பிரித்துக் காட்டுவது காலவரம்பு மட்டுமே.

மாணவர் தம் கணினியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். லினக்ஸ் இயக்க அமைப்பில் பயன்படும் க்னூ கருவித்தொகுப்பில் 2008 இல் 'டைம்அவுட்' என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது. அச்சொல்லை முதலிலும், நொடிகளின் எண்ணிக்கையை அடுத்தும், இயக்க வேண்டிய நிரலை இறுதியிலும் எழுதினால் போதும். காலம் கடந்ததும் அக்கட்டளை நிரலுக்கு 'டெர்ம்' என்னும் சைகையை அனுப்பும். இது 'முடித்துக்கொள்' என்னும் வேண்டுகோள் போன்றது. நிரல் தன் கோப்புகளை மூடிவிட்டு வெளியேறலாம். சைகையைப் புறக்கணிக்கவும் செய்யலாம். அத்தகைய பிடிவாத நிரலுக்காகவே 'கில்' என்னும் சைகை உள்ளது. அதனை எந்நிரலும் தடுக்க இயலாது. முதற்சைகைக்குப் பின் எத்தனை நொடி பொறுத்து இதனை அனுப்பலாம் என்பதையும் கட்டளையிலேயே குறிக்கலாம்.

முதற்சைகையிலேயே நிரல் அடங்கிவிட்டால் இக்கட்டளை 124 என்னும் முடிவு எண்ணைத் தரும். நிரல் உரிய காலத்தில் தானே முடிந்தால் அதன் சொந்த முடிவு எண் கிடைக்கும். குறையின்றி முடிந்ததற்கு 0, பிழையால் நின்றதற்கு வேறோர் எண். எனவே தாமதத்தையும் பிழையையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. தாமதம் எனில் நெறிமுறையை மாற்ற வேண்டும். பிழை எனில் அவ்வரியைத் தேட வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாதோர் சரியாக உள்ள வரிகளைத் திருத்தியே பொழுதைக் கழிப்பர்.

எந்தக் காலத்தை அளப்பது என்னும் வினாவும் உண்டு. டைம்அவுட் அளப்பது கடிகாரக் காலம். ஒரே கணினியில் பல நிரல்கள் ஓடும்போது, பிறவற்றுக்காகக் காத்திருந்த நேரமும் இதில் சேரும்; அது முறையன்று. 'யூலிமிட்' என்னும் கட்டளையால் மையச் செயலகம் உண்மையில் உழைத்த நேரத்துக்கு வரம்பிடலாம். ஆனால் விசைப்பலகையிலிருந்து வராத உள்ளீட்டுக்காகக் காத்திருக்கும் நிரல் உழைப்பதே இல்லை. இவ்வரம்பு அதனை ஒருபோதும் தொடாது. ஆகவே செயலக நேரத்துக்கு இறுக்கமான வரம்பும், கடிகார நேரத்துக்குச் சற்றுத் தளர்வான வரம்பும் சேர்த்து இடுவதே நேரிய முறை.

வினா அமைப்பவரின் பொறுப்பும் சிறிதன்று. வரம்பு மிகக் குறுகினால் பைத்தான் போன்ற மெதுவான மொழியில் எழுதிய நல்ல விடையும் வீழும். மிக நீண்டால் 2000 கோடி இணைகளைத் தேடும் நிரலும் தேறிவிடக்கூடும். தம் விடையைப் பலமுறை இயக்கி, அது எடுக்கும் நேரத்தின் சில மடங்கை வரம்பாக வைப்பது வழக்கம்.