நீர்ச்சிறகும் பட்டமும்

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை வானிற் பறக்கும் பட்டங்களைக் கண்டு வளர்ந்த நம் மாணவர்க்குப் பட்டம் புதிதன்று. ஆயினும் ஏற்றியவனையே இழுத்தேகும் பட்டம் வேறு. கற்பிட்டிக்குச் சென்று மீண்ட மாணவர் சிலர் ‘கைற் பொயில்’ என்னும் விளையாட்டைக் குறித்து நம்மை வினவினர். பழைய மாணவர் ஒருவரோ பந்தய வீரர்க்குரிய கருவியைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, முதல் வாரத்திலேயே முழங்காலிற் காயமுற்று, அதனைக் கொட்டிலிற் கிடத்திவிட்டார். இக்கட்டுரைக்கு அவரே காரணர்.

பலகையின் அடியிற் செங்குத்தாக ஒரு தண்டு. அதன் நுனியில் விமானத்துக்குப் போல முன்சிறகும் பின்சிறகும். பட்டம் இழுக்கப் பலகை விரையும், சிறகைச் சூழ்ந்து நீர் ஓடுகையில் தூக்குவிசை பிறக்கும், பலகை நீரைவிட்டெழும். நீர் காற்றினும் ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியுடையதாதலின் சிறிய சிறகே ஓராளைத் தாங்கும். இவ்விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவது: வேகம் இருமடங்காயின் விசை நான்மடங்காம். எனவே சிறுசிறகு எழுதற்கு மிக்க வேகம் வேண்டும். பெருஞ்சிறகோ மெல்லச் செல்லினும் எழும். கருவித் தெரிவின் சூக்குமம் இதுவே.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. மார்செய் கடலில் ஒஸ்திரியரான வலன்ரின் பொன்ரஸும் பிரித்தானியரான எலி ஓல்ட்றிஜும் பொன் வென்றனர். அவர்தம் மெல்லிய, ஒடுங்கிய சிறகுகள் கண்ணைக் கவர்வன. கற்போனுக்கு அவை பகை. அவன் தேடவேண்டியது 1200 முதல் 1500 சதுர சென்ரிமீற்றர் வரை பரப்புள்ள தடித்த முன்சிறகு. நன்கு மிதக்கும் அகன்ற பலகை. காற்றடைத்த குழாயுடைய பட்டம். குழாய்ப் பட்டம் நீரில் வீழினும் மிதந்து மீண்டும் எழும். தண்டு முதலிற் குறுகியதாயிருத்தல் நன்று. வீழ்ச்சியின் உயரம் குறையும். ஆனால் சில நாளில் நெடுந்தண்டுக்கு மாறநேருமாதலிற் குறுந்தண்டை விலைக்கு வாங்காது வாடகைக்குப் பெறுதலே சிக்கனம் என்போம். தலைக்கவசமும் மார்புக்காப்பும் இன்றி இறங்கலாகாது. சிறகின் விளிம்பு கத்தியை ஒக்கும்.

சாதாரணப் பலகையிற் காற்றை எதிர்த்து இருபுறமும் செல்லவும், பட்டத்தை ஒருகையால் ஆளவும் அறிந்தபின்னரே நீர்ச்சிறகைத் தொடுக. பலகை எழுந்ததும் அஞ்சிப் பின்சாய்தல் இயல்பு. அதனாற் சிறகு இன்னும் மேலேறி நீரைவிட்டு வெளிப்பட, ஆள் குப்புற வீழ்வான். முன்காலில் எடையை ஊன்றுக. வீழ்வது உறுதியானாற் பலகையைக் காலால் அப்பால் உதைத்துவிடுக.

மணிக்கு 12 முதல் 15 கடல்மைல் வேகமுள்ள சீரான காற்று பழகுதற்குப் போதும். கற்பிட்டியில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று வலியது. தொடங்குவோர்க்கு வாடைக்காற்றே இசையும். அங்குள்ள களப்பு பல இடங்களில் இடுப்பளவே ஆழமுடையது. பட்டம் பழகுவோர்க்கு அது பெருநன்மை. நீர்ச்சிறகு பழகுவோர்க்கு அதுவே இடர். தண்டின் நீளத்தினும் மூன்றடியேனும் மிகுந்த ஆழம் உண்டா என ஒரு கழியால் அளந்துகொண்டே பலகையை இறக்குக.