கட்டளையிட்டவர் யார்?

நாதாபும் அபியூவும் தூபங்காட்டும் வேளையிலேயே மாண்டார்கள் (லேவி. 10:1,2). அவர்கள் கொண்டுவந்த அக்கினி கர்த்தர் கட்டளையிடாதது. ஆராதனையின் முறையைத் தீர்மானிப்பவர் தேவனே. இதற்கு விலைகொடுத்துக் கீழ்ப்படிந்த ஒரு தம்பதியரைக் கல்கத்தா கண்டது.

1812 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய மிஷனெரி அதோனிராம் ஜட்சன், குழந்தை ஞானஸ்நானத்தைக் கைக்கொள்ளும் சபையைச் சேர்ந்தவர். செராம்பூரில் இருந்த வில்லியம் கேரியின் குழுவினரோ பாப்டிஸ்டுகள். அவர்களுக்குப் பதிலளிக்க ஆயத்தப்படும்படி வேதத்தைக் கிரேக்க மூலத்தில் ஆராய்ந்தவர், விசுவாசித்தவர்களே மூழ்கி ஞானஸ்நானம் பெறவேண்டும் என்று உணர்த்தப்பட்டார். மனைவி ஆன் முதலில் இணங்கவில்லை. கணவர் பாப்டிஸ்டானாலும் தான் ஆகப்போவதில்லை என்றார். கல்கத்தாவில் தாமே வசனங்களை ஆராய்ந்த பின்னரே உடன்பட்டார். இல்லறத்திலும் இது நல்ல ஒழுங்கு.

கீழ்ப்படிந்தால் தங்களை அனுப்பிய சங்கத்தின் ஆதரவு போய்விடும். அந்நிய தேசத்தில் வேறு கதியில்லை. ஆயினும் செப்டம்பர் 6-ஆம் நாள் லால் பஜார் ஆலயத்தில் வில்லியம் வார்டு இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். ஜட்சன் சங்கத்துக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார்.

ஞானஸ்நான முறையில் சபைகள் இன்றும் வேறுபடுகின்றன. ஜட்சன் தம்பதியரோ தாங்கள் கண்டறிந்ததை மறைத்து ஆதரவைக் காத்துக்கொள்ளவில்லை. 1813 ஜூலையில் அவர்கள் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள்.