மீனுக்கு முன்னால் குடியேற வேண்டியவை

அன்புள்ள மருமகனே,

தொட்டி வாங்கியாயிற்று, ஞாயிற்றுக்கிழமையே மீன் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு மாதம் பொறு. தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அதில் பாக்டீரியா குடியேறாமல் மீனை விட்டால் செத்துப்போகும்.

மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே வரும். ஆழ்வார்திருநகரிப் படித்துறையில் நீ பார்க்கும் மீன்களுக்கு இந்தக் கவலை இல்லை. தாமிரபரணியின் ஓட்டம் அம்மோனியாவைக் கரைத்துக் கொண்டுபோகும். மணலிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா மிச்சத்தைத் தின்னும். உன் புதுத் தொட்டியில் இரண்டுமே கிடையாது.

ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான், மீனின் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது. வேறொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது அளவோடு இருந்தால் மீன் தாங்கும், தொட்டியில் உள்ள செடியும் எடுத்துக்கொள்ளும். வாழைத் தோட்டத்தில் யூரியா போட்ட பிறகு மண்ணுக்குள் நடப்பதும் இதே வேலை. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி இந்தப் பாக்டீரியாவை மண்ணிலிருந்துதான் பிரித்தெடுத்தார். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்வதும் உண்டு என்பது 2015-இல்தான் தெரிந்தது. அதைக் கண்டவர்களில் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்பு நீரின் வடிகட்டி! அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது பாக்டீரியாவைக் கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்று. ஸ்பாஞ்ச் ஃபில்டரை இரவும் பகலும் ஓட விடு. பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மீன் இல்லாவிட்டாலும் தினம் ஒரு சிட்டிகை தீனி போடு, அது அழுகி வரும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்கு உணவு. மீன் நோயில்லாத பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால், அதன் ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்று. காத்திருக்கும் நாள் குறையும்.

சோதனை கிட்டில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பின்னால் நைட்ரைட். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். நம் வெயிலுக்குக் கொஞ்சம் முந்தலாம். போர் தண்ணீர் என்றால் பிஎச் பார். அது 7-லிருந்து 8 ஆனால் அம்மோனியாவின் விஷம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும்.

பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மூன்று கப்பி மட்டும் விடு. தங்கமீன் இப்போது வேண்டாம், கழிவு அதிகம். ஸ்பாஞ்ச் அழுக்கானால் குழாயடியில் கழுவாதே. தொட்டித் தண்ணீரை மோந்து அதிலேயே அலசு.

அன்புடன்,
மாமா