எலிக்கு எந்தக் குண்டு?

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் எலித் தொல்லை. காற்றுத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு குறி தவறாது? – வாசகர், குளுவாங், ஜொகூர்

பதில்: முதலில் உரிமம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. போலீஸ் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். உரிமம் இருந்தால், முனை உருண்ட ஈயக் குண்டை எடுங்கள். தட்டை முனைக் குண்டு 10 மீட்டர் அட்டைக் குறிக்கு ஏற்றது. தூரம் கூடினால் விலகும். ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் குண்டு வேறு. நாலைந்து வகை வாங்கி, அட்டையில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். துளைகள் நெருங்கி விழும் வகையே உங்களுடையது. அடிவிளிம்பு நசுங்கிய குண்டுகளைக் கழித்துவிடுங்கள்.

ஆனால் தோட்டத்து எலியைச் சுட்டு மாளாது. எலியைத் தின்னும் கூகைக்குக் கூடுப்பெட்டி வையுங்கள்; சுமார் 10 ஹெக்டேருக்கு ஒன்று போதும். எலி விஷத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். விஷம் தின்ற எலி கூகையையும் கொல்லும்.