புழுங்கல் அரிசி சொல்லும் நியாயம்

பத்மநாபபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

பதப்படுத்திய உணவு கெடுதல் என்றால், நாம் தினமும் உண்ணும் புழுங்கல் அரிசியும் கருவாடும் எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. இதற்கு இன்று இரண்டு பதில்கள் உலவுகின்றன; இரண்டுமே எனக்கு எரிச்சலூட்டுகின்றன. ஒரு சாரார் ஆலையும் அடுப்பும் தொடாததே நல்ல உணவு என்கிறார்கள். மறு சாரார் சமைப்பதும் பதப்படுத்துவதுதானே, ஆகவே கஞ்சிக்கும் நூடுல்ஸ் பாக்கெட்டுக்கும் வேறுபாடு இல்லை என்று வாதாடுகிறார்கள். ஒரு தானியத்தின் மீதோ கிழங்கின் மீதோ மனிதன் செய்த வேலை அதன் சத்தைக் காத்ததா, கழித்ததா என்று இருவருமே கேட்பதில்லை. அந்த ஒன்றைக் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் சாராருக்குப் பதில் சொல்ல நம் மரச்சீனியே, அதாவது மரவள்ளிக் கிழங்கே, போதும். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா இந்தக் கிழங்கைப் பரப்ப முனைந்தார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் வயிற்றை நிரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட கிழங்கைப் பச்சையாகத் தின்றால் உடலுக்குள் சயனைடு உண்டாகும். சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகே அது உணவாகிறது. புரதமும் அதில் மிகக் குறைவு. கூடவே வைக்கும் சாளை மீன் கறி அதை ஈடு செய்கிறது. நம் பத்மநாபபுரம் அரண்மனையின் ஊட்டுப்புரையில் (உணவுக்கூடத்தில்) உள்ள பெரிய ஊறுகாய்ப் பரணிகளையும் நீ பார்த்திருப்பாய். பதப்படுத்தும் அறிவு இல்லாமல் எந்த ஊரும் மழைக்காலத்தைத் தாண்டியதில்லை.

இனி புழுங்கலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். உணவின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதன் பிறகு குத்துகிறோம். அரிசியில் பி1 உயிர்ச்சத்தாகிய தயமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கிறது. அது நீரில் கரையும். நெல் ஊறி அவியும்போது அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கி அரிசியில் தங்கிவிடுகிறது. பின்பு ஆலையில் தவிடு போனாலும் அந்தப் பங்கு மிஞ்சும். பச்சை நெல்லை வெள்ளைவெளேரென்று தீட்டினால் தவிட்டோடு சத்தும் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆவி ஆலைகள் பெருகித் தீட்டிய அரிசி ஆசியா முழுக்கப் பரவியபோது, கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து போகும் பெரிபெரி நோயும் கூடவே பரவியது. 1890-களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். அதன் வழியே 1929-இல் நோபல் பரிசு பெற்றார். அதே காலத்தில் மலாயாவில் இருந்த பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் 1907-இல் ஒரு நூல் எழுதினார். வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் மடிந்தார்கள், பக்கத்திலேயே உழைத்த தமிழர்கள் புழுங்கல் அரிசி உண்டு தப்பினார்கள் என்பது அவர் கண்ட உண்மை. கெட்டுப்போன அரிசியின் நஞ்சுதான் காரணம் என்று அவர் எண்ணியது பிழை. ஆனால் கவனித்தது சரி. தீட்டலில் கழிந்துபோன பகுதியில்தான் காரணம் இருக்கிறது என்பதைப் பிறகு ஃப்ரேசர், ஸ்டாண்டன் என்ற ஆய்வாளர்கள் அதே மலாயாவில் நிறுவினார்கள். யோசித்துப் பார், மக்கா. தயமின் என்ற பெயரே பிறக்காத காலத்தில், நெல் அவித்த நம் வீட்டுப் பெண்களின் வேலை கடல் கடந்து கூலிக்குப் போனவர்களின் உயிரைக் காத்திருக்கிறது. புழுங்கலும் தீட்டிய பச்சரிசியும் இரண்டுமே பதப்படுத்தியவைதாம். ஒன்று காத்தது, மற்றது கழித்தது.

இந்த வேறுபாட்டைத்தான் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் வேறு விதத்தில் முன்வைத்தார். அவருடைய ‘நோவா’ வகைப்பாட்டில் நான்கு தட்டுகள் உண்டு. அவற்றில் புழுங்கல் அரிசி முதல் தட்டில் வரும். தேங்காயெண்ணெயும் உப்பும் இரண்டாவதில், கருவாடு மூன்றாவதில் வரும். தானியத்தை மாவாகவும் எண்ணெயாகவும் சர்க்கரைப் பாகாகவும் பிரித்தெடுத்து, மணமும் நிறமும் சேர்த்து மறுபடி உருட்டிய பண்டங்கள் நான்காவது தட்டில் வரும். அந்த நான்காவதால் என்ன ஆகிறது என்பதை 2019-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு சோதித்துப் பார்த்தது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அத்தகைய உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத முழு உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாகவே இருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம் என்பதுதான் நிபந்தனை. பாக்கெட் வகை உணவில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள். முழு உணவில் அதே அளவு எடை குறைந்தார்கள். இருபது பேர் சிறிய எண்ணிக்கைதான், காலமும் குறைவுதான். ஆனாலும் சத்துக் கணக்கு சமமாக இருந்தும் உண்ணும் அளவு மாறியது என்றால், நம்மை மேலும் மேலும் உண்ணவைப்பது அந்தப் பண்டத்தின் அமைப்பே என்று கொள்ள இடமிருக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொல்வதையும் சேர்த்துப் பார்.

வேலைக்குப் போகிற வீட்டில் சமைக்க யாருக்கு நேரம் என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. நேரத்தை மிச்சப்படுத்துகிறவை எல்லாம் நான்காவது தட்டில் இல்லை. காய்ச்சிப் பதப்படுத்திய பால், கடையில் அரைத்த இட்லி மாவு, கருவாடு, முந்தின நாளே ஊறவைத்த பயறு எல்லாமே நேரத்தை மிச்சப்படுத்துகிறவைதாம். மிச்ச வேலையை வீட்டு ஆண்களும் பங்கிட்டுச் செய்யலாம். அதைச் சொல்லாமல் பழைய உணவைப் புகழ்வது பெண்ணின் தலையில் சுமையேற்றுவது. விலை கூடும் என்பார்கள். கஞ்சியும் பயறும், மரச்சீனியும் சாளையும் ஒருநாளும் பணக்காரர் உணவாக இருந்ததில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பழமையைத் தொழவும் வேண்டாம். கருப்பட்டி என்றதும் சர்க்கரை நோயாளிக்குக்கூட ஆகும் என்று சொல்கிறவர்களை நான் மன்னிப்பதில்லை. கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். அயோடின் உப்பும் ஆலையில் சேர்க்கைப் பொருள் கலந்து வருவதுதான், ஆனாலும் அது நல்லதே செய்தது.

ஆகவே கடையில் ஒன்றைக் கையில் எடுக்கும்போது முன்பக்கத்து எழுத்தை நம்பாதே. திருப்பிப் பின்பக்கம் படி. அதில் சேர்ந்த பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கோதுமை பிஸ்கட் என்று பெரிதாகப் போட்டு, உள்ளே மைதா முதலிலும் சர்க்கரை அடுத்தும் நின்றால், அது கோதுமை விற்கவில்லை என்று தெரிந்துகொள். வீட்டில் சம்பாப் புழுங்கல் அரிசி வாங்கச் சொல். ரொம்பத் தீட்டாததாகப் பார்த்து வாங்கு. உலையில் போடும்முன் ஒருமுறை கழுவினால் போதும், திரும்பத் திரும்ப அலசி, காத்துவந்த சத்தைக் கரைத்துக் கொட்டாதே. சாயங்காலப் பசிக்கு பாக்கெட் உடைப்பதை விட்டுவிட்டு இரண்டு மட்டி வாழைப்பழம் தின்னு. இதற்குப் பெரிய விரதம் எதுவும் வேண்டாம். பதப்படுத்தியதா என்று கேட்பதை நிறுத்திவிட்டு, காத்ததா கழித்ததா என்று ஒவ்வொரு பண்டத்திடமும் கேட்கப் பழகு.

அன்புடன்,
உன் ஆசிரியர்