இன்வெர்ட்டர் பேட்டரி நீடித்து உழைக்க...

1. பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரிலும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் மிச்சமிருக்கும் உப்பும் உலோகமும் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். ஆசிட் சேர்க்கவே கூடாது. குறைவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கும்.

2. கோடையில் மாதம் ஒருமுறை மிதவையைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும்.

3. எவ்வளவு நேரம் ஓடும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 12 வோல்ட், 150 ஏ.ஹெச். பேட்டரி என்றால் ஏட்டளவில் 1,800 வாட் ஹவர். இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும், பேட்டரி அடியோடு வற்றாமல் நிறுத்தும் மிச்சத்தையும் கழித்து 1,200 என்று வையுங்கள். 75 வாட் இழுக்கும் பழைய சீலிங் ஃபேன் நான்கு ஓடினால் நாலு மணி நேரம்தான். அதுவே 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன்கள் என்றால் பத்து மணி நேரம், ஓர் இரவு முழுக்க ஓடும். இன்னொரு பேட்டரி வாங்க நினைப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றுங்கள்.

4. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய அலமாரியிலோ, விளக்கேற்றும் பூஜை இடத்துக்குப் பக்கத்திலோ பேட்டரியை வைக்காதீர்கள்.

5. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். சோடா நீர் மூடி வழியே உள்ளே இறங்கக் கூடாது. காய்ந்ததும் வாசலின் தடவுங்கள்.

6. வெளியூர் போகும்போது முழு சார்ஜ் ஏற்றிவிட்டு அணையுங்கள். சார்ஜ் இல்லாமல் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

7. 2018-இல் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. அவ்வளவு நாளுக்கு இன்வெர்ட்டர் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்ததுமே மேல்தொட்டியை நிரப்பி, செல்போன்களுக்கு முழு சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

8. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். அதிலிருந்து ஒயர் இழுத்து வீட்டு பிளக்கில் செருகுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் தெரு லைனுக்குத் திரும்பி, டிரான்ஸ்பார்மர் வழியே 11,000 வோல்ட் வரை ஏறக்கூடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிர் அதில் போகும். எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்ட பிறகே இணைப்புக் கொடுங்கள். அதுவரை ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகி ஓட்டுங்கள்.